ரப்பர் விசைகளில் தொடங்கிய நிரல் பாடம்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட வீட்டுக் கணினி. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை அப்போது 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. நிரல்களைச் சேமிக்கப் பாட்டுக் கேசட்டே போதும். கேசட்டிலிருந்து நிரல் ஏறும்போது கிறீச்சென்று ஒலி எழும். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் ஓடும். பெரிய விளையாட்டு ஒன்று ஏறப் பல நிமிடங்கள் ஆகும்.

மின்சாரம் கொடுத்தவுடனே பேசிக் என்ற நிரல் மொழி கட்டளைக்குக் காத்து நிற்கும். வரியின் தொடக்கத்தில் 'பி' என்ற ரப்பர் விசையை அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற முழுக் கட்டளையும் திரையில் விழும். 10ஆம் வரியில் ஒரு பெயரை அச்சிடச் சொல்லி, 20ஆம் வரியில் 'கோ டூ 10' என்று எழுதினால், பெயர் வரிசையாகத் திரையை நிரப்பும். இரண்டே வரிகளில் சுழற்சி என்ற கருத்து பிடிபட்டுவிடும்.

இதழ்களில் அச்சான நிரல்களைச் சிறுவர்கள் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஓர் எண் பிசகினாலும் நிரல் கெடும்; அந்தப் பிழையைத் தேடிப் பிடித்ததே அவர்களுக்குச் சிறந்த பாடம்.

ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி 1992இல் நின்றது. அந்தக் காலத்துக் கணினிகள் தந்த கற்றலை மீட்கும் நோக்கில், அதே கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கிய ராஸ்பெரி பை என்ற சிறு கணினி 2012இல் வெளிவந்தது.