நாற்காலி இருக்கு, உட்காரலாமா?

போன வாரம் சித்திக்குச் சேலை எடுக்க, திருநெல்வேலி டவுன் ரத வீதியில ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கடை பேரு வேண்டாம். சேலை காட்டின அக்காவுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது மேல மடிச்ச சேலைகள். "நீங்க உட்கார மாட்டீங்களாக்கா?"னு கேட்டேன்.

"சூப்பர்வைசர் பாத்தாவன்னா பொல்லாப்பு தம்பி. உக்காந்தா கடையில யாவாரம் இல்லன்னு நெனப்பாங்களாம்."

இத்தனைக்கும் உட்காருறது இங்க சட்டப்படி உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐ 2021-ல திருத்தி, 22-அ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கணும்; வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். கேரளா 2018-லயே இதைக் கொண்டுவந்துடுச்சு. அதுக்குப் பின்னால கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களோட போராட்டம் இருக்கு. தையல் தொழிலாளியான விஜி தொடங்கின 'பெண்கூட்டு' முதல்ல கேட்டது நாற்காலி கூட இல்லை, கழிப்பறை! பிரிட்டன்ல 1899-லயே, மூணு பெண் ஊழியருக்கு ஒரு இருக்கைன்னு சட்டம் போட்டுட்டாங்க.

சரி, சிக்கல் எங்க இருக்கு? 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்ற அந்த இடத்துலதான். வாய்ப்பு வந்துடுச்சுன்னு யார் முடிவு பண்றது? கடைக்கு வர்ற தொழிலாளர் உதவி ஆய்வாளர் நாற்காலியை எண்ணிப் பார்க்கலாம். அவர் போனப்புறம் அதுல ஆள் உட்காருதா, சேலை உட்காருதான்னு முடிவு பண்றது சூப்பர்வைசர்.

வாடிக்கையாளர் வந்தா எழுந்திருக்கலாம், இல்லாதப்போ கேக்காமலே உட்காரலாம்னு முதலாளி ஒரு வார்த்தை சொன்னா போதும், பைசா செலவில்லை. பேங்க்ல கேஷியர் உட்கார்ந்துதான் பணம் தர்றாரு, நாம கோவிச்சுக்கறோமா? அட, அதே கடையில கல்லாவுல இருக்கறவரும் உட்கார்ந்துதானே இருக்காரு!

எங்க சித்தியும் ஜவுளிக்கடையில நின்னவங்கதான். ராத்திரி வெந்நீர்ல காலை வச்சுட்டுத்தான் சோறு சாப்பிடுவாங்க. கால்ல நரம்பு சுருண்டு புடைச்சிருக்கும். வெரிகோஸ் வெயின்னு பேரு இருக்கறதே எனக்குப் பின்னாலதான் தெரியும்.

சேலையைக் கொடுத்துட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பிரிச்சுக்கூடப் பார்க்கலை. "எத்தனை சேலைல எடுத்துப் போடச் சொன்ன?"ன்னாங்க.

முப்பது இருக்கும், சித்தி.