ஆடி மழையில் மூணாறு

வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் ஊருக்குப் போகின்றன. மூணாறு பார்க்க வேண்டும் என்றால், "இப்போது அங்கே அடைமழை, போகாதீர்கள்" என்று உறவினர்கள் தடுப்பார்கள். ஆனால் மழையை ஒரு மலை எப்படிப் பங்கு போடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட இதுவே ஏற்ற பருவம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து காலையிலேயே வேனில் புறப்படுங்கள். மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். உடுமலையில் மழை இராது, காற்றுதான் வீசும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டில் மலைத்தொடர் விட்டுப்போன இடைவெளி ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றி அதன் வழியே பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்ன அதே காற்று, இன்று அப்பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

சோதனைச்சாவடி தாண்டிச் சின்னாறு சரணாலயத்துக்குள் நுழைந்தால், கேரளத்திலா இருக்கிறோம் என்று வியப்பீர்கள். முள்மரங்களும் கள்ளியுமாக வறண்ட காடு! அடுத்து வரும் மறையூரில் சந்தனக்காடும் கரும்பு வயல்களும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை இங்கே வாங்கலாம்.

மறையூரிலிருந்து மூணாறு 40 கிலோமீட்டர்தான். அதற்குள் பருவமே மாறிவிடுகிறது. அரபிக்கடலின் ஈரக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் மூணாறு நனைய, சின்னாறு காய்கிறது. இப்படிப்பட்ட பகுதிக்கு மழை மறைவுப் பிரதேசம் என்று பெயர்.

தண்ணீரும் இரண்டாகப் பிரிகிறது. மூணாற்றில் பெய்யும் மழை முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதி அணைக்கு வருகிறது. அமராவதி கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

இந்த மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையையே அழித்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் பலியாயின. அவர்களில் பலர், தலைமுறைகளுக்கு முன் கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பத்தினர். நம்மைப் போலவே ஊர் விட்டுப் போனவர்கள். பச்சைச் சரிவில் வரிசையாகத் தெரியும் அந்தச் சிறு வீடுகளைப் படம் எடுக்கும்போது, அங்கே இரவு மழை எப்படிக் கேட்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பயணத்துக்குச் சில யோசனைகள். கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் காரவன் பூங்காவும் அமைந்தது. எனினும் மறையூர்ப் பாதையின் குறுகிய வளைவுகளுக்குச் சிறிய வேனும், மலைப்பாதை பழகிய உள்ளூர் ஓட்டுநருமே நல்லது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் மலையேற வேண்டாம். பலத்த மழை நாட்களில் மாவட்ட நிர்வாகம் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்வதுண்டு. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். சரிவின் அடியிலோ ஓடைக் கரையிலோ வண்டியை நிறுத்தாதீர்கள். புல்வெளியில் இறங்கினால் அட்டை ஏறும். கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும். கம்பளிச் சட்டையும், மாற்றுத் துணியும், பிளாஸ்கில் சூடான காப்பியும் மறக்க வேண்டாம்.