வானொலி சொன்னால் விதைக்கலாம்!

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் மழைக்காலம் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். முதல் மழையை நம்பிக் கம்பு விதைத்துவிட்டு, அடுத்த மழை தள்ளிப்போனால் முளைத்த பயிர் கருகிவிடும். மறுபடி விதைக்க, சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் தானியத்தில்தான் கைவைக்க வேண்டும். அதனால், ‘இப்போது விதைக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?’ என்பது அங்கே ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாடு பற்றிய கேள்வி.

பதில் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்காவுக்கான வானிலை ஆய்வு மையமான ‘அக்மாட்’ இயங்குவதே நைஜரின் தலைநகர் நியாமேயில்தான். ஆனால், 2025 வரை அங்கே ஆட்சிமொழி பிரெஞ்சு. கிராமத்தில் பேசுவதோ ஹௌசா, ஜர்மா, ஃபுலானி, தமாஷெக். படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு.

இந்த இடைவெளியை நிரப்ப, 1990-களின் இறுதியில் ‘ரேநெட்’ என்ற திட்டம் உருவானது. செயற்கைக்கோள் வழியாக வரும் வானிலைத் தகவலைக் கிராமத்துச் சின்ன எஃப்.எம். நிலையம் பெற்று, ஊர்க்காரர்களின் மொழியில் சொல்லும். பங்கிலாரே என்ற ஊரில் அப்படி ஒரு நிலையம் அமைந்தது. கரன்ட் இல்லாத வீடுகளுக்கு சோலார் ரேடியோவும், கைப்பிடியைச் சுற்றினால் பேசும் ரேடியோவும் கைகொடுத்தன. பேட்டரி தேவைப்படாத அந்தச் சுற்றும் ரேடியோ, ட்ரெவர் பேய்லிஸ் என்ற பிரிட்டிஷ்காரரின் கண்டுபிடிப்பு. எய்ட்ஸ் விழிப்புணர்வுத் தகவல் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை டி.வி-யில் பார்த்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை அது.

டிராக்டரே இல்லாத ஊரில்...

மொழி சரியாக இருந்தால் மட்டும் போதாது. 1975-ல் ஜாம்பியா சென்ற கனடா நாட்டு வேளாண் ஒலிபரப்பாளர் ஜார்ஜ் அட்கின்ஸ், சக ஒலிபரப்பாளர் ஒருவரிடம் சமீபத்திய நிகழ்ச்சி எதைப் பற்றியது என்று விசாரித்தார். டிராக்டர் ஸ்பார்க் பிளக் பராமரிப்பு பற்றியதாம்! அதைக் கேட்கும் விவசாயிகளில் டிராக்டர் வைத்திருந்தவர்கள் மிகச் சொற்பம்.

அந்த உரையாடல் அட்கின்ஸை விடவில்லை. 1979-ல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றைய ‘ஃபார்ம் ரேடியோ இன்டர்நேஷனல்’. மண் அரிப்பைத் தடுப்பது, தானியத்தைப் பூச்சி அரிக்காமல் சேமிப்பது என ஏழை விவசாயிக்கு உதவும் விஷயங்களை எழுதி வானொலிகளுக்கு இலவசமாக அனுப்புகிறது. அதை அந்தந்த நிலையங்கள் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்கின்றன.

மிஸ்டு கால் கொடுங்க!

ஒரு காலத்தில் ரேடியோ பேசும், மக்கள் கேட்பார்கள். செல்போன் வந்த பிறகு மக்களும் பேசுகிறார்கள். நிகழ்ச்சியில் கேட்கப்படும் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் ஓர் எண், ‘இல்லை’ என்றால் வேறோர் எண். மிஸ்டு கால் கொடுத்தால் போதும், காசு செலவில்லை. வீட்டு ரேடியோ கணவரின் கையிலேயே இருப்பதால் கேட்க முடியாத பெண்களுக்காக, சேர்ந்து உட்கார்ந்து கேட்கும் குழுக்களும் பல நாடுகளில் இயங்குகின்றன.

ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,000 மொழிகள். எல்லாவற்றுக்கும் நிலையம் வைப்பது லேசான காரியமல்ல. இருந்தும், தென்னாப்பிரிக்காவின் அரசு வானொலி அங்கு பேசப்படும் 11 ஆட்சிமொழிகளிலும் ஒலிக்கிறது. அதன் ஜூலு மொழி நிலையமான ‘உகோஸி எஃப்.எம்.’ பல லட்சம் நேயர்களைக் கொண்டது.

‘பருவநிலை மாற்றம்’ என்பதற்குச் சட்டென்று புரிகிற சொல் பல ஆப்பிரிக்க மொழிகளில் கிடையாது. ஆனால், ‘மழை முன்போல நேரத்துக்கு வருவதில்லை, இந்த முறை சீக்கிரம் விளையும் கம்பைப் போடுங்கள்’ என்று தன் பாஷையில் ஒரு குரல் சொன்னால், அந்த விவசாயிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.