பொட்டலம் பொட்டலமாக ஒரு செய்தி

1954-இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வு. யுனிவர்சிட்டி காலேஜில் ஹோசே டெல் காஸ்டிலோவும் பெர்னார்ட் காட்ஸும் தவளையின் தசையை நரம்போடு சேர்த்தெடுத்து உப்புக் கரைசலில் வைத்தார்கள். கரைசலில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டியிருந்தார்கள். நரம்பைத் தூண்டினால் தசையில் சில தடவை ஒன்றுமே இல்லை. சில தடவை அரை மில்லிவோல்ட் அளவுக்கு ஒரு சிறு அசைவு. சில தடவை அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு. அளவுகள் எல்லாம் அந்தச் சிறு அலகின் மடங்குகளைச் சுற்றியே குவிந்தன.

நரம்பில் வரும் மின்துடிப்பு நேராகத் தசைக்குத் தாவுவதில்லை. நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. அதைக் கடப்பது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். மளிகைக் கடையில் கட்டி வைத்த பொட்டலம்போல, நரம்பு முனையின் நுண்பைகளில் அது ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளாக அடைபட்டிருக்கிறது. பிரித்துக் கொடுப்பதில்லை, கொடுத்தால் முழுப் பொட்டலம்தான்.

பையை உடைப்பது மின்சாரமல்ல, கால்சியம். நரம்பு முனைக்குள் அது வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துடிப்பு வந்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறக்க, இரட்டை நேர்மின்னூட்டத்தோடு கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மில்லிநொடிக்குள் பைகள் சவ்வோடு இணைந்து சரக்கை வெளியே கொட்டுகின்றன. இங்கே கணக்கு நேர்க்கோடாகவும் இல்லை. தவளைத் தசையில் டாட்ஜும் ரஹாமிமோஃப்பும் 1967-இல் காட்டியபடி, கால்சியம் குறைவாக உள்ள நிலையில் அதை இரட்டித்தால் வெளியேற்றம் கிட்டத்தட்ட 16 மடங்காகிறது.

மெக்னீசியத்துக்கும் அதே இரட்டை மின்னூட்டம்தான். ஆனால் கால்சியத்தோடு இடத்துக்குப் போட்டி போடுமே தவிர, பையை உடைக்காது. காட்ஸ் குழுவுக்கு அது வசதியாகப் போயிற்று: நூற்றுக்கணக்கில் உடையும் பைகள் ஒன்றிரண்டாகக் குறைந்ததால்தான் எண்ண முடிந்தது. 1970-இல் காட்ஸுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிரசவ வார்டில் இந்தப் போட்டி உயிர்ப் பிரச்சினை. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரக்கூடிய கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றுகிறார்கள். வலிப்பைத் தடுப்பதில் அது மூளையில் செய்யும் வேலையே முக்கியம். தசையைத் தளர்த்துவது பக்கவிளைவு. அளவு மீறினால் முதலில் முழங்கால் துள்ளல் போகும், பிறகு மூச்சு. அதனால்தான் சுத்தியலால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். மீறிப் போனால் மாற்று மருந்து, கால்சியம் குளுக்கோனேட் ஊசி. தசையில் அசிட்டைல்கோலினைப் பெறும் ஏற்பிகள் ஏற்கெனவே குறைந்துபோன மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளுக்கோ, மெக்னீசியத்தையே தவிர்க்கிறார்கள்.