வீட்டுத் தொட்டியில் கற்பவளம் வளர்த்தல்

கற்பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது பிராணி வர்க்கத்தைச் சேர்ந்தது. நுண்ணிய பவளப் பூச்சிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தைக் கிரகித்துத் தம் அடியில் கல்லாகக் கட்டிக்கொள்ளுகின்றன. அவற்றின் தசைக்குள் வசிக்கும் ஒருவகைப் பாசி, வெளிச்சத்தின் உதவியால் ஆகாரம் தயாரித்துக் கொடுக்கிறது. ஜெர்மனி, அமெரிக்கா முதலிய தேசங்களில், முருங்கைப் போத்து நடுவது போலப் பவளக் கிளைகளை ஒடித்து ஒட்டி, கண்ணாடித் தொட்டிகளில் விருத்தி செய்கின்றனர்.

தொட்டி நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பும், 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும், நல்ல வெளிச்சமும், இடைவிடாத நீரோட்டமும் இருத்தல் வேண்டும். உஷ்ணம் மிகுந்தால் பாசி நீங்கிப் பவளம் வெளுத்துவிடும்.

இவையாவும் சரியாயிருந்தும் பவளம் மடிவதுண்டு. கடலில் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லை. தொட்டியிலோ, உரமிடாது சாகுபடி செய்யும் நிலம் போல, அச்சத்து நாள்தோறும் குறைந்து வரும். பத்து லட்சம் பங்கு நீரில் கால்சியம் 400 முதல் 450 பங்கும், காரச்சத்து ஜெர்மன் அளவில் 7 முதல் 9 டிகிரியும் இருப்பது நலம். குறைவைக் கண்டு அஞ்சி, ஒரே வேளையில் மருந்தைக் கொட்டி அளவை உயர்த்துவது பெருந்தவறு. காரச்சத்து திடீரென ஏறினால் தசை உரிந்து, பல வருஷம் வளர்ந்த பவளமும் சில தினங்களில் வெறும் எலும்பாக நின்றுவிடக்கூடும். ஒரு நாளில் 1 டிகிரிக்கு மேல் உயர்த்தலாகாது.

இதற்குச் சுண்ணாம்புத் தெளிநீர் எளிய பரிகாரமாகும். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் இதைப் பவளம் வளர்ப்போரிடையே பரவச் செய்தார். ஒரு லிட்டர் சுத்த நீரில் 2 கிராம் சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பைக் கலக்கி, மூடிவைத்துத் தெளியவிட வேண்டும். திறந்து வைத்தால் மேலே ஏடு படிந்து வீரியம் குறையும். சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு இதற்கு உதவாது. தொட்டியில் ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாகத் தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இது காரம் மிகுந்ததாகையால் மொத்தமாக ஊற்றலாகாது, கண்ணிலும் படலாகாது. வாரந்தோறும் நீரைச் சோதித்து, அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, தேவைக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

நமது வாசகர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பாறை கட்டும் கற்பவளங்கள் யாவும் 2001-ஆம் வருஷம் முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே மன்னார் வளைகுடாவிலாயினும் பாக் நீரிணையிலாயினும் ஒரு கிளையையும் ஒடித்தெடுத்தல் குற்றமாகும். ஒரு சிறு தொட்டியில் சுண்ணாம்புச் சத்தைச் சமமாக வைப்பதற்கே இத்தனை பிரயாசை வேண்டியிருக்கிறதெனில், அதைத் தானே நடத்திவரும் கடலின் பவளத்தை ஊறின்றி விட்டுவைப்பதே கரையோரத்தாருக்கு லாபமாகும். மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும், அலையின் வேகம் தணிவதும் அப்பாறைகளாலேயே.