வயலினின் வால் கயிறு

ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மே மாத மதியம், பெட்டிக்குள் மூடிவைத்திருந்த வயலினிலிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் நாலு தந்தியும் தொளதொளத்துக் கிடக்கின்றன, குதிரை கவிழ்ந்திருக்கிறது, கறுப்பு டெயில்பீஸ் தந்திகளின் நுனியில் ஊசலாடுகிறது. தூக்கினால் உள்ளே ஏதோ உருள்கிறது. மகள் ஒரே அழுகை. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. வயலின் போயே போய்விட்டதா என்று கேட்கிறார்.

போகவில்லை. அறுந்தது டெயில்கட். மடித்து மாட்டினால் விரல் நீளம்கூட வராத கயிறு அது. டெயில்பீஸின் அடியில் உள்ள இரண்டு துளைகளில் கோத்து, வயலினின் விளிம்பில் பதித்த கருங்காலிக் கட்டையின்மேல் வளைத்து, கீழே இருக்கும் குமிழில் மாட்டியிருப்பார்கள். வாசிப்பவர் கண்ணில் படாத இடம்.

மின்கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் சாய்வாக ஊன்றியிருக்கும் ஸ்டே கம்பியைப் பார்க்காத ஊர் இல்லை. அதில் மின்சாரம் ஓடாது. ஆடு கட்டத்தான் நட்டிருக்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. மேலே ஓடும் கம்பிகள் கம்பத்தை ஒரு பக்கமாக இழுக்க, மறுபக்கம் பிடித்து நிற்பது அதுதான். டெயில்கட்டுக்கும் அதே உத்தியோகம். ஐரோப்பிய சுருதியில் கட்டிய வயலினில் நாலு தந்தியும் சேர்ந்து சுமார் 20 முதல் 25 கிலோ எடைக்கு இழுக்கின்றன. அத்தனையும் இந்தக் கயிற்றின் தலையில். ஆளுயர டபுள் பாஸில் அதே இழுப்பு 100 கிலோவைத் தாண்டும். அதனால் அங்கே பெரும்பாலும் முறுக்கிய எஃகு வடமே வாலைப் பிடித்திருக்கும்.

ஒரு காலத்தில் எல்லாமே ஆட்டுக் குடல் நரம்பு. சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். அதன் வாலையும் குடல் நரம்புதான் பிடித்திருக்க வேண்டும். நைலான் பிறந்ததே 1935இல். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நைலான் கயிறுகள். இரு முனையிலும் மரை கடைந்து, குட்டிப் பித்தளைத் திருகு போட்டிருக்கும். திருகை ஏற்றி இறக்கி நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

அறுவதற்குக் காரணம் பல. நைலான் பாரத்தில் மெல்ல மெல்ல நீளும். அரியலூர்ப் பக்கத்துக் கோடையில், தகரக் கூரைக்குக் கீழோ பூட்டிய காருக்குள்ளோ கிடந்தால் இன்னும் சீக்கிரம். கருங்காலிக் கட்டையில் கூர்மையான விளிம்பு இருந்தால் அங்கே அராவும். கர்நாடக இசைக்காரர்கள் வயலினின் வால் பக்கத்தை மார்பில் சாய்த்து வைத்து வாசிப்பதால் கச்சேரி வியர்வை நேராக அங்கே போய்ச் சேரும். கம்பியாக இருந்தால் துரு. ஒரு நாள் ஒரு கட்டை சுருதிக்குப் பக்கவாத்தியம், மறுநாள் ஐந்து கட்டைக்கு என்று ஒரே வயலினை ஏற்றி இறக்குபவர்களுக்கு இழுப்பும் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்.

கயிறு அறாமல் இருப்பது மட்டும் போதாது, அதன் நீளமும் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் ருசியான சங்கதி. குதிரைக்கு முன்னால் வில் உரசும் பகுதி மட்டுமே தந்தி என்று நினைக்கிறோம். குதிரைக்குப் பின்னால், டெயில்பீஸ் வரைக்கும் ஒரு துண்டு இருக்கிறதே, அதுவும் அதிர்கிறது. விரலால் சுண்டிப் பார்த்தால் கீச்சென்று ஒரு சுரம் கேட்கும். வாசிக்கும் பகுதியின் நீளத்தில் ஆறில் ஒரு பங்காக அந்தத் துண்டை வைப்பது பட்டறைகளின் வழக்கம். முழு அளவு வயலினில் வாசிக்கும் பகுதி ஏறக்குறைய 328 மில்லிமீட்டர், பின்துண்டு 55. ஆறில் ஒரு பங்கு நீளம் என்றால் ஆறு மடங்கு அதிர்வு. இரண்டு ஸ்தாயி ஏறி, அதற்கு மேல் பஞ்சமம். கீழ்த் தந்தியை மந்தர ஸட்ஜத்தில் சேர்த்திருந்தால் வால் துண்டில் தார ஸ்தாயிப் பஞ்சமம் ஒலிக்கும். தந்தியோடு இழைகிற சுரம் என்பதால் வாசிக்கும்போது அதுவும் லேசாகக் கூடவே பாடும். டெயில்கட்டை இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக் கட்டினால் டெயில்பீஸ் குதிரையை நோக்கி நகர்ந்து இந்தக் கணக்கு கலையும். டபுள் பாஸ்காரர்கள் ஒவ்வொரு சுரத்திலும் ஒலி எப்படி மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு வடத்தின் நீளத்தை மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நம் ஊரில் கணக்கு கலைவது வேறு வழியில். சுருதி மயிரிழை பிசகினாலும் காது பொறுக்காதாகையால் நாலு தந்திக்கும் ஃபைன் டியூனர் போட்டுக்கொள்வோம். மரத்தால் செய்த சாதாரண டெயில்பீஸில் நாலு உலோகத் திருகைத் தனித்தனியாக மாட்டினால் வாலில் பாரம் ஏறும். தந்தி முன்னாலேயே பிடிபடுவதால் பின்துண்டும் குட்டையாகும். திருகுகளோடு சேர்த்தே செய்த டெயில்பீஸ்கள் கிடைக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தந்தி வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவதில்லை என்பது வேடிக்கை.

வீணையில் இந்த வேலையை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். குடத்தின் கடைசியில் நாகபாசம். அதிலிருந்து தந்திகளைப் பிடிப்பவை லங்கர்கள். லங்கரில் ஒரு சிறு வளையம். அதை முன்பின் நகர்த்தினால் பிருடையைத் தொடாமலே சுருதி இம்மி ஏறும், இம்மி இறங்கும். வாலும் ஃபைன் டியூனரும் ஒன்றே. (ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கும் ஞான சரஸ்வதியின் கையில் வீணை கிடையாது, சுவடிதான் இருக்கிறது. லங்கரைக் காணப் போகிறவர்கள் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.)

சரி, மாற்றுவது எப்படி? முதலில் உள்ளே உருள்வதைக் கவனிக்க வேண்டும். அது சவுண்ட் போஸ்ட். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நிற்கும் குச்சி. பசை போட்டு ஒட்டியிருக்காது; தந்தி இழுப்பு குதிரை வழியாகப் பலகையை அழுத்துவதால் நிற்பது. அழுத்தம் போனால் விழும். அது இல்லாமல் தந்தியை முறுக்கினால் மேல் பலகை அமுங்கி விரிசல் விடலாம். அதை நிறுத்த வளைந்த கருவி வேண்டும், பழகிய கை வேண்டும். அதற்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஒரு நடை போய்வருவதில் தவறில்லை.

போஸ்ட் விழவில்லை என்றால் வீட்டிலேயே முடியும். போர்வைமேல் கிடத்தி, டெயில்பீஸுக்கு அடியில் மெத்தென்ற துணி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உலோகத் திருகு பலகையைக் கீறும். புதுக் கயிற்றைத் துளைகளில் கோத்து, திருகைப் பொருத்தி, குமிழில் மாட்டி, கருங்காலிக் கட்டையின்மேல் ஒழுங்காக உட்கார வைத்து, குதிரையை நிமிர்த்தலாம். தந்திகளை ஒவ்வொன்றாக முழுச் சுருதிக்கு ஏற்றக் கூடாது. நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். அவ்வப்போது இரு கையாலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். புது நைலான் முதல் சில நாள் நீளும். பிறகு பின்துண்டை அளந்து, தேவையானால் தந்தியைத் தளர்த்தித் திருகில் சரிசெய்யலாம்.

கட்டடவேலைக் கட்டுக் கம்பியால் வாலைக் கட்டிய வயலின்களும் ஊர்களில் உண்டு. கட்டுக் கம்பி வளையத்தான் லாயக்கு. பாரத்தில் நீண்டுகொண்டே போகும், கருங்காலியைக் கடிக்கும், பிறகு பக்கத்துப் பலகையையும். பெரம்பலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலினும் ஒரு பாடம். அங்கேயும் மற்ற இசை வகுப்புகளிலும் முதல் மாதத்திலேயே பிள்ளைகளிடம் வயலினைக் கவிழ்த்துக் காட்டி, வால் கயிறு இது, பிசிர் விட்டிருக்கிறதா பார் என்று சொல்லிக்கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? பிருடைக்குச் சாக்பீஸ் பூசத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரியலாம். நவராத்திரிக்கு மட்டும் பெட்டி திறக்கும் வீடுகளில், திறக்கும்போதே அந்த இடத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஒரு புதுக் கயிறு வாங்கிப் பெட்டியின் ரோசின் அறையில் போட்டு வைப்பது இன்னும் நல்லது.