மாவுச்சத்துக் குறைப்பும் கலோரிக் குறைப்பும்

உடல் எடையைக் குறைக்கப் பின்பற்றப்படும் உணவுமுறைகளில் இரண்டு பரவலாகப் பேசப்படுகின்றன. சோறு, இட்லி, கிழங்கு, சர்க்கரை முதலியவற்றைக் குறைப்பது மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை. எதையும் விலக்காமல் மொத்த உணவளவைக் குறைப்பது கலோரி குறைந்த உணவுமுறை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன.

முதல் முறையில் தொடக்க வாரங்களில் எடை வேகமாக இறங்கும். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும் மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. எனவே எடை எந்திரம் காட்டும் இறக்கம் முழுவதும் கொழுப்பு அன்று.

2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடற்பருமன் உள்ள 63 பேரிடம் இரு முறைகளும் ஒப்பிடப்பட்டன. ஆறு மாதங்களில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் தம் எடையில் 7 விழுக்காடும், கலோரியைக் குறைத்தவர்கள் 3.2 விழுக்காடும் இழந்தனர். ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. பலர் இடையிலேயே விலகியும் விட்டனர்.

தமிழ்நாட்டு உணவில் இவ்விரு முறைகளையும் பிரிப்பது கடினம். கலோரியில் பெரும்பங்கு சோற்றிலிருந்தும் மாவுப் பலகாரங்களிலிருந்தும்தான் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025-இல் வெளியாயின. அதன்படி இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்தே. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து, பயறு, பால் போன்றவற்றின் புரதம் கூட வேண்டும். கம்பஞ்சோற்றை வயிறு நிறைய உண்டுவிட்டு எடை குறையவில்லையே என்று வருந்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பகுதியில் இதற்குக் கடையில் விலையுயர்ந்த மாவுப் பொட்டலம் தேட வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, கொள்ளுப்பருப்பு, தட்டைப்பயறு, முட்டை, மோர், அங்கு மிகுதியாக விளையும் முருங்கைக்காய் ஆகியவற்றைக் கூட்டலாம். கொள்ளிலும் மாவுச்சத்து உண்டு. ஆயினும் அதில் அரிசியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் இருக்கிறது. பின்னலாடை ஆலையில் இரவு வேலை முடித்து வருவோர் நாடும் பரோட்டாவோ மைதாவும் எண்ணெயும் சேர்ந்தது. இரு முறைப்படியும் அது தேறாது.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம். உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.